சிறு தொண்டு நிறுவனங்களின் நிதி திரட்டலும் பரிந்துரைப் பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் மாவட்டங்களில் ஐந்து முதல் பதினைந்து பணியாளர்களுடன் இயங்கும் அறக்கட்டளைகளும் சங்கங்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. நிதி திரட்டவென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்காக இது எழுதப்படவில்லை. பரிந்துரைப் பணி என்று இங்கே சொல்வது, தொண்டு நிறுவன வட்டாரத்தில் அட்வகசி என்று வழங்கப்படுவதை. அதாவது மக்களின் தேவையை அதிகாரம் உள்ளவரிடம் கொண்டுசென்று, முடிவு வரும்வரை விடாமல் தொடர்வதை. விளக்க வசதிக்காக ஓர் அமைப்பைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன்: ஒரு வட்டாரத்தில் மாற்றுத்திறன் குழந்தைகள் 18 பேருக்குப் பகல்நேரப் பயிற்சி மையம் நடத்தும் அறக்கட்டளை. அதற்கு ஒரு வேன், ஒரு பிசியோதெரபிஸ்ட், இரண்டு சிறப்பாசிரியர்கள், ஒரு சமையலர் இருக்கிறார்கள். வங்கி இருப்பு இரண்டு மாதச் செலவுக்கு மேல் தங்குவதில்லை.

நிதி திரட்டுவது ஒரு வேலை, அரசிடம் உரிமை கேட்பது வேறொரு வேலை. இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

சிறிய அமைப்பில் இரண்டையும் செய்பவர்கள் அதே நாலைந்து பேர்தான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இரண்டுக்கும் வேண்டிய பழக்கம் ஒன்றே என்பது. நம் கையில் உள்ள பதிவேட்டை வைத்துப் பேச வேண்டும். கொடுக்கக்கூடிய நிலையில் உள்ளவரிடம் திட்டவட்டமான ஒன்றைக் கேட்க வேண்டும். கேட்டது என்ன ஆயிற்று என்று அவரிடமே திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். நன்கொடையாளரிடம் இதைச் செய்யத் தெரிந்தவருக்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் செய்வது அந்நியமாக இருக்காது.

ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு இதற்கு நல்ல சான்று. அரசுப் பணிகளில் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்ட தொழிலாளர்கள், தங்கள் பெயரில் எவ்வளவு பணம் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்காக வருகைப் பட்டியலையும் பில்லையும் காட்டும்படி கேட்டார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் அந்தக் கணக்குகள் மக்கள் முன்னால் உரக்கப் படிக்கப்பட்டன. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தபோது, சுற்றுக் கிராமத்தார் தானியம் கொடுத்தார்கள், சந்தை வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். நிறுவன நிதி எதையும் பெறாமல் தனிமனிதர்களின் சிறு நன்கொடையில் இயங்குவதை அந்த அமைப்பு கொள்கையாகவே வைத்திருக்கிறது. தானியம் கொடுத்தவர் கோரிக்கைக்கும் சொந்தக்காரர் ஆனார். நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்ததில் அந்த இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மாநில அளவில் முதன்முதலாக 1997இல் அத்தகைய சட்டம் இயற்றியது தமிழ்நாடு என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து. நம் எடுத்துக்காட்டு மையத்தின் வேனுக்கு டீசல், ஓட்டுநர் சம்பளம், இன்சூரன்ஸ், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து மாதம் 36,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு குழந்தையை வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விட மாதம் 2,000 ரூபாய் ஆகிறது. இந்த ஓர் எண்ணைச் சொல்லத் தெரியாத அமைப்புகள்தான் பெரும்பான்மை. ஆண்டறிக்கையில் வரவும் செலவும் சரியாக இருக்கும். ஆனால் ஒரு குழந்தைக்கு, ஒரு மாதத்துக்கு, எந்த வேலைக்கு எவ்வளவு என்று கேட்டால் ஆடிட்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள்.

நன்கொடையாளர் கேட்கும் இதே கேள்வியைத்தான் ஆட்சியரும் கேட்பார்: எத்தனை பேர், எந்தெந்த ஊர், எவ்வளவு ஆகும், இப்போது யார் கொடுக்கிறார்கள்? எனவே ஒரு நல்ல வருகைப் பதிவேடும், குழந்தை வாரியாக ஒரு பக்கக் குறிப்பும், செலவைத் தலைப்பு வாரியாகப் பிரித்த ஒரு தாளும் இரண்டு பணிக்கும் அடித்தளம். இவை இல்லாமல் புரபோசல், அதாவது நிதி கேட்கும் திட்ட முன்மொழிவு, எழுதும் பயிற்சிக்கு ஆளனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நன்கொடை கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

கூச்சம் பெரும்பாலும் எதைக் கேட்கிறோம் என்று நமக்கே தெளிவில்லாதபோது வருகிறது. வழக்கமாக எழுதப்படும் கடிதம் இப்படி இருக்கும்: “எங்கள் அறக்கட்டளை கடந்த பல ஆண்டுகளாகச் சிறப்பாகத் தொண்டாற்றி வருகிறது. தங்களைப் போன்ற நல்ல உள்ளங்களின் பேராதரவை நாடுகிறோம். தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.” இதைப் படிப்பவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எதற்கு, எப்போது என்று ஒன்றுமே தெரியாது. ஆகவே ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து முடித்துக்கொள்வார்.

அதே கடிதத்தை இப்படி எழுதலாம்: “எங்கள் மையத்துக்கு 18 குழந்தைகள் வருகிறார்கள். வேன் இல்லாவிட்டால் இவர்களில் ஏழு பேரால் வர இயலாது; அவர்கள் ஊருக்குக் காலையில் பஸ் கிடையாது. ஒரு குழந்தையின் போக்குவரத்துக்கு மாதம் 2,000 ரூபாய் ஆகிறது. ஒரு குழந்தையின் ஓராண்டுப் போக்குவரத்தைத் தாங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா? அடுத்த வாரம் தொலைபேசியில் அழைக்கிறேன்.” கேட்கப்படுபவர் முடியும், முடியாது, பாதி தருகிறேன் என்று ஏதாவது ஒரு பதில் சொல்ல இதில் இடம் இருக்கிறது. முடியாது என்ற பதிலையும் நன்றியோடு குறித்துவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அவர் நிலைமை மாறலாம்.

நேரில் கேட்கும்போது தொகையைச் சொன்ன பிறகு பேச்சை நிறுத்துங்கள். அந்த இடத்தில்தான் பலர் பதற்றப்பட்டு, “இல்லையென்றாலும் பரவாயில்லை, உங்களால் முடிந்ததை…” என்று தாங்களே குறைத்துவிடுகிறார்கள்.

எங்கள் ஊரில் எல்லோரும் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சாப்பாடு போடத்தான் வருகிறார்கள். சம்பளத்துக்கு யாரும் தருவதில்லை. என்ன செய்வது?

நம் மாவட்டங்களில் நிதி திரட்டலின் மையச் சிக்கல் இதுதான். ஒருவேளை உணவளிக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. திதி, திருமண நாள், குழந்தையின் முதல் பிறந்தநாள், ரமலான் மாதத்து ஜகாத், கிறிஸ்துமஸ் என்று ஆண்டு முழுவதும் கொடுப்பதற்கான நாள்கள் இருக்கின்றன. இதைக் குறைவாக மதிப்பிடுவது தவறு. வெளிநாட்டு நிதி நின்றுபோன ஆண்டுகளில் பல இல்லங்கள் தாக்குப்பிடித்தது இந்த நன்கொடையால்தான். ஆனால் வாரத்தில் மூன்று நாள் பிரியாணி வந்து, பிசியோதெரபிஸ்டுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நிற்பதும் நடக்கிறது.

வழக்கத்தை எதிர்க்காமல் திருப்பிவிடுவதுதான் வழி. உணவுக்கான தொகை எவ்வளவு என்று கேட்பவருக்கு ஒரு அச்சிட்ட தாளைக் கொடுங்கள்: ஒருநாள் மதிய உணவு, ஒருநாள் வேன், ஒருநாள் பிசியோதெரபி, ஒரு முழுநாள் மையச் செலவு, ஒவ்வொன்றுக்கும் தொகை. “உங்கள் தந்தையின் நினைவாக இன்று இந்த மையம் முழுவதும் நடக்கிறது” என்று சொல்ல முடிந்தால், உணவுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் முழுநாள் செலவுக்கு மாறுவார்கள். அன்று மாலை, அன்று நடந்த வேலையைப் பற்றி நான்கு வரி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எந்தக் குழந்தையின் பெயரும் முகமும் அதில் வேண்டாம். அடுத்த ஆண்டு அதே நாளுக்குப் பத்து நாள் முன்பு நீங்களே அழைத்து நினைவூட்டுங்கள். தேதி வாரியான ஒரு நன்கொடையாளர் நோட்டு இதற்குப் போதும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் முதல் இருநூறு நன்கொடையாளர் வரை தேவைப்படாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வரிசையாக உட்கார்ந்த குழந்தைகளை, முகம் தெரியாத ஒருவர் கேக் வெட்டும்வரை காத்திருக்கச் செய்து, பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டுப் பாடவைப்பது குழந்தைகளுக்குச் செய்யும் அவமரியாதை. இதை நிறுத்தினால் நன்கொடையாளர் போய்விடுவார் என்று அஞ்சுகிறார்கள். குழந்தைகளின் பயிற்சி நேரத்தில் பார்வையாளர் அனுமதியில்லை என்று வாசலில் எழுதிவைத்துவிட்டு, வருபவருக்கு அலுவலக அறையில் பதினைந்து நிமிடம் வேலையை விளக்கிச் சொன்னால், பெரும்பாலோர் மரியாதையோடு ஏற்றுக்கொள்கிறார்கள்.

80ஜி பதிவு இல்லாமல் நன்கொடை வாங்கலாமா? பதிவு இருந்தால் என்னென்ன செய்ய வேண்டும்?

80ஜி என்பது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் வருமான வரிப் பதிவு. அது இல்லாமலும் வாங்கலாம், கொடுப்பவருக்குச் சலுகை கிடைக்காது, அவ்வளவுதான். ஆனால் அறக்கட்டளைக்கே வரிவிலக்குத் தரும் 12ஏபி பதிவு இல்லாவிட்டால் அறக்கட்டளையின் வருமானத்துக்கே வரி வரும். எனவே அதை முதலில் பெறுவது அவசியம்.

80ஜி பதிவு உள்ள அமைப்பு நினைவில் வைக்க வேண்டியவை சில. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவர் சலுகை கோர முடியாது; ஆகவே காசோலை, வங்கிப் பரிமாற்றம், யுபிஐ ஆகியவற்றை ஊக்குவியுங்கள். ஒவ்வொரு நிதியாண்டிலும் பெற்ற நன்கொடைகளின் விவரத்தை 10பிடி படிவத்தில் அடுத்த மே 31க்குள் தாக்கல் செய்து, கொடுத்தவருக்கு 10பிஇ சான்று வழங்க வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் நடைமுறை; தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். நன்கொடையாளரின் பான் எண்ணை அப்போதே வாங்காமல் மே மாதத்தில் நூறு பேருக்குப் போன் செய்யும் அவலத்தைத் தவிர்க்க, ரசீதுப் புத்தகத்திலேயே பான் எண்ணுக்கு ஒரு கட்டம் அச்சிடுங்கள். 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. புதிய ரசீதுப் புத்தகம் அச்சிடும் முன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

80ஜி இருப்பதையே கேட்பதற்கான காரணமாக வைத்துக்கொள்ளாதீர்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பானதாகிவிட்டது. மாதச் சம்பளக்காரர்களில் பலருக்கு இனி உங்கள் ரசீதால் வரி குறையாது. அவர்கள் கொடுப்பது வேலையின் மீதுள்ள நம்பிக்கையால் மட்டுமே.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் அனுப்ப விரும்புகிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

அவர் கையில் உள்ள பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், பிறந்த ஊர் இதுவே ஆனாலும், அவர் தருவது வெளிநாட்டு நிதியே. அதைப் பெற 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதி புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெற்றதை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பெரிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டு நிதியைப் பெற்றுச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்து தந்த பழைய முறை அதோடு முடிந்தது. யுபிஐ எண்ணைப் பொதுவெளியில் பகிரும்போது, இந்தியக் குடிமக்கள் மட்டும் அனுப்பவும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சி.எஸ்.ஆர். நிதி கேட்டு எத்தனையோ கம்பெனிகளுக்கு எழுதியும் பதில் இல்லை. ஏன்?

சி.எஸ்.ஆர். என்பது கம்பெனிகள் தங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய சட்டக் கடமை. சென்னையிலும் மும்பையிலும் உள்ள பெரிய பெயர்களுக்கு எழுதியிருப்பீர்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டை அது செலவிட வேண்டும். ஐந்து கோடி லாபம் என்பது கரூர், திருப்பூர், சிவகாசி, ஓசூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் அரிதல்ல. அத்தகைய கம்பெனி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் கொடுக்க வேண்டியிருக்கும். சி.எஸ்.ஆர். கடமை 50 லட்சத்துக்குள் இருந்தால் தனிக் குழு தேவையில்லை. இயக்குநர்களே முடிவு செய்யலாம். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எனவே உங்கள் வேன் போகும் சாலையில் உள்ள நூற்பாலையின் அக்கவுன்ட்ஸ் மேனேஜரைப் பார்ப்பது, முன்பின் தெரியாத நகரத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதைவிடப் பயன் தரும். அதற்கு முன், சி.எஸ்.ஆர். நிதி பெறும் அமைப்புகளுக்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு கையில் இருக்க வேண்டும். மூன்றாண்டுச் செயல்பாட்டுக்கான ஆவணமும் கேட்பார்கள்.

பேச்சுவார்த்தையில் ஒரு தவறான புரிதல் அடிக்கடி வருகிறது. “நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் சட்டம் அனுமதிக்காது, அதனால் உங்கள் ஆட்களின் சம்பளத்தைத் தர முடியாது” என்பார்கள். விதியில் உள்ள அந்த 5 விழுக்காடு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பணியைக் கவனிக்கத் தானே செய்துகொள்ளும் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. பிசியோதெரபிஸ்டின் சம்பளம் நிர்வாகச் செலவே அல்ல. பயிற்சி மையத்தின் வேலையே அதுதான். இதை விதியின் நகலோடு பணிவாகவும் உறுதியாகவும் சொல்லப் பழக வேண்டும். சொல்லாமல் ஒப்புக்கொண்டு, பின்னர் சமையல் கணக்கிலிருந்து சம்பளம் கொடுத்து நொடிந்த அமைப்புகள் உண்டு.

கமிஷன் அடிப்படையில் நிதி திரட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். சேர்க்கலாமா?

வேண்டாம். வந்ததில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் போட்டால் உங்கள் நன்கொடையாளர் அவருடைய நன்கொடையாளர் ஆகிவிடுவார். சம்பளம் கொடுத்து ஒரு பகுதிநேரப் பணியாளரை வைத்துக்கொள்ளுங்கள்.

அரசிடம் கோரிக்கை வைத்துப் போராடினால் எங்கள் பதிவு ரத்தாகிவிடாதா?

மக்களின் தேவையை எடுத்துச் சொல்வதும், சட்டத்தில் உள்ளதைக் கேட்பதும், சட்டம் மாற வேண்டும் என்று வாதிடுவதும் தொண்டு நிறுவனத்தின் நோக்கத்துக்கு உட்பட்டவை. கட்சிக்கோ வேட்பாளருக்கோ வாக்குக் கேட்பதும், நிறுவனப் பணத்தைத் தேர்தலுக்குச் செலவிடுவதும் கூடாது. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளைப் பொறுத்தவரை, பொதுக் காரணங்களுக்காகப் பந்த், மறியல் போன்ற முறைகளைக் கையாளும் அமைப்பை அரசியல் தன்மை உடையது என்று அறிவிக்க இடம்தந்த விதி உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. அரசியல் இலக்கு இல்லாமல் மக்களின் உரிமைக்குத் துணைநிற்கும் அமைப்பை அப்படித் தண்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் நீதிமன்றம் விளக்கியது. சட்டம் இடம் கொடுத்தாலும் அச்சம் இயல்பானது. கணக்கும் தாக்கல்களும் நேராக இருப்பதே இங்கே முதல் பாதுகாப்பு. மனுவில் எழுதியதற்கு யாரும் பெரும்பாலும் நடவடிக்கை எடுப்பதில்லை. தாக்கல் செய்யாத படிவத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டது. எதுவும் நடப்பதில்லையே?

மனுவின் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். நம் மையத்தின் 18 குழந்தைகளில் 11 பேருக்குப் பராமரிப்பு உதவித்தொகை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், “மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உடனடியாக உதவித்தொகை வழங்க ஆவன செய்யுமாறு” என்று எழுதிக் கொடுத்தால், உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்து நின்றுவிடும்.

அதற்குப் பதிலாகப் பதினொரு பேரின் நிலைமையையும் தனித்தனியாகப் பாருங்கள். நான்கு பேரின் மருத்துவச் சான்று காலாவதியாகியிருக்கும். இரண்டு பேரின் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் எழுத்து மாறியிருக்கும். ஐந்து பேரின் விண்ணப்பம் அலுவலகத்தில் நிலுவையில் இருக்கும். பெயர்த் திருத்தத்தை நீங்களே முடித்துக்கொள்ளலாம். சான்றுக்கு, வட்டாரத் தலைமையிடத்து அரசு மருத்துவமனையில் ஒருநாள் முகாம் நடத்தும்படி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேட்கலாம்; குழந்தைகளை அழைத்துவர வேன் நம்முடையது என்றும் சொல்லலாம். நிலுவையில் உள்ள ஐந்துக்கு மட்டும் விண்ணப்ப எண், தேதியுடன் ஒரு பக்க மனு, பெற்றோர் கையெழுத்துடன். அதிகாரிக்கு இப்போது செய்ய முடிந்த ஒரு வேலை இருக்கிறது. பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு: இந்த ஐந்து விண்ணப்பங்களும் எந்தத் தேதியில் எந்த மேசையில் இருந்தன? முப்பது நாளில் விடை தர வேண்டும். விடை தயாரிக்கும்போதே கோப்பு நகர்வதும் உண்டு.

ஊர் தொடர்பான கோரிக்கைக்கு, எடுத்துக்காட்டாக வேன் போக முடியாத தெருவுக்கு, கிராம சபையே இடம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. பெற்றோர் எழுந்து பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். மாநில அளவிலான கோரிக்கை என்றால், பட்ஜெட் வாசிக்கப்பட்ட பிறகு அறிக்கை விடுவதில் பெரிய பயன் இல்லை. துறைகள் மதிப்பீடு தயாரிக்கும் முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே துறைச் செயலகத்துக்கு எண்ணிக்கையும் தொகையும் போட்ட குறிப்பு போய்ச் சேர வேண்டும்.

ஒப்புகைச் சீட்டு, எண், அடுத்து விசாரிக்க வேண்டிய தேதி மூன்றும் ஒரு நோட்டில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அந்த அதிகாரிக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள், அவருடைய மேலதிகாரிக்கு நகலுடன். குறை சொல்ல மட்டுமே வருபவர்களைப் பார்த்துப் பழகிய அலுவலகத்தில் அது நெடுநாள் நினைவிருக்கும்.

சட்டத்தையே மாற்றும் அளவுக்கு எங்களைப் போன்றவர்களால் ஆகுமா?

ஆகியிருக்கிறது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை செய்த பெண்கள் பெண்கூட்டு என்ற அமைப்பாகச் சேர்ந்து, முதலில் கழிப்பறை வசதியையும் பிறகு வேலை நேரத்தில் உட்காரும் உரிமையையும் கேட்டார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. அவர்கள் கேட்டது ஒரு நாற்காலி. யாருக்கும் விளக்கம் தேவைப்படாத கோரிக்கை.

கையால் மலம் அள்ளும் முறைக்கு எதிராகச் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற தூய்மைப் பணியாளர் இயக்கம் 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றபோது, அப்படி ஒரு வேலையே எங்களிடம் இல்லை என்று அரசுகள் மறுத்தன. ஊர் ஊராக எடுத்த கணக்கெடுப்பும் படங்களும்தான் அந்த மறுப்பை உடைத்தன. 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. பதிவேட்டைப் பற்றி முன்னால் அவ்வளவு சொன்னது இதற்காகவும்தான்.

பயனாளிகளின் படத்தையும் கதையையும் பயன்படுத்தாமல் நிதி திரட்ட முடியுமா?

முடியும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், பள்ளி, அடையாளம் தெரியும் படம் ஆகியவற்றை ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் தொடாத இடத்திலும், பத்தாண்டு கழித்து அந்தப் படத்தை அந்தக் குழந்தையே பார்க்கும் என்று எண்ணிப் பாருங்கள். நடைப்பயிற்சிக் கம்பிகளின் படமும், ஆறு மாதத்தில் ஒரு குழந்தை எத்தனை அடி கூடுதலாக எடுத்துவைத்து நடக்கப் பழகியது என்ற குறிப்பும் போதிய வலிமை உடையவை. பெரியவர்கள் தாமாகவே முன்வந்து பேசுவது வேறு. அப்போது அவர்கள் பேசட்டும், நாம் அருகில் இருந்தால் போதும்.

பயிற்சிக்கு அனுப்பப் பணம் இல்லை. திறனை எப்படி வளர்ப்பது?

மாதத்தில் இரண்டு மணி நேரத்தை எல்லாப் பணியாளருக்கும் ஒதுக்குங்கள். ஒரு மாதம் ஒருவர் நன்கொடையாளராக உட்காரட்டும், மற்றவர்கள் முறைவைத்துக் கேட்கட்டும். அடுத்த மாதம் ஒருவர் ஆட்சியர். மூன்று நிமிடத்துக்குள் கோரிக்கையைச் சொல்லி முடிக்க வேண்டும். ஓட்டுநரையும் சமையலரையும் விட்டுவிடாதீர்கள். எந்த வீட்டில் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்து சாலைக்கு வருகிறாள் என்பது ஓட்டுநருக்குத்தான் தெரியும். அவர் சொன்னால் எதிரில் இருப்பவர் கேட்பார்.

நிறுவனத் தலைவர் ஒருவரே எல்லா நன்கொடையாளரிடமும் எல்லா அலுவலகத்திலும் பேசிக்கொண்டிருக்கும் வழக்கம் நம்மிடம் மிகுதி. அவர் நோய்வாய்ப்பட்டால் அமைப்பும் படுத்துவிடுகிறது. ஒவ்வொரு சந்திப்புக்கும் இன்னொருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மூன்றாவது சந்திப்பில் அவர் பேசட்டும், தலைவர் குறிப்பெடுக்கட்டும். அறங்காவலர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஐந்து பேரையாவது அறிமுகப்படுத்த வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானமே போடலாம். காந்திகிராமம், மெட்ராஸ் சமூகப் பணிக் கல்லூரி போன்ற இடங்களில் சமூகப் பணி படிக்கும் மாணவர்கள் களப்பயிற்சிக்கு இடம் தேடுவார்கள்; கணக்கெடுப்புக்கும் ஆவணத் தொகுப்புக்கும் அவர்களின் உதவியைக் கேளுங்கள், கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொண்டு.

நிதி தரும் கம்பெனிக்கு எதிராகவே பேச வேண்டி வந்தால்?

வேனுக்குப் பணம் தரும் ஆலையின் கழிவுநீர்தான் குழந்தைகளின் ஊர் ஓடையில் கலக்கிறது என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்வி எழுந்த அன்று முடிவெடுத்தால் பணம்தான் வெல்லும். எனவே எழும் முன்பே அறங்காவலர் கூட்டத்தில் விவாதித்து, யாரிடம் வாங்குவதில்லை, நிதி தருபவர் எந்த விஷயத்தில் தலையிட முடியாது, ஒரே இடத்திலிருந்து வரவின் எத்தனை பங்குக்கு மேல் பெறுவதில்லை என்று எழுதிவைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்பது என் பரிந்துரை. ஒருவர் விலகினாலும் ஓராண்டு சமாளிக்கலாம். அரசு மானியத்துக்கும் இது பொருந்தும், ஏனென்றால் மானியம் தரும் துறையிடமேதான் நாம் மனு கொடுக்கிறோம்.

அந்தத் தீர்மானத்தின் நகலை ஒப்பந்தத்துக்கு முன்பே நிதி தருபவரிடம் கொடுத்துவிடுங்கள். சிலர் அப்போதே பின்வாங்குவார்கள். அந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் போடும் அவகாசமாவது உங்களுக்குக் கிடைக்கும்.